ஏழு தூரும் ஒரு விசிலும்

ஆலடிக்குறிச்சியில் ஒரு தடவை புளியமரத்துத் தூர் ஒன்றை டிராக்டர் வைத்து இழுத்தபோது, வேரின் மறுநுனியில் பக்கத்து ஊர் வீடொன்றின் அம்மிக்கல் மாட்டிக்கொண்டு வந்தது என்று சொல்வார்கள். அதை யாரும் நம்ப வேண்டாம். வந்தது அம்மி இல்லை, குழவிதான்.

இழுத்தவள் மாடத்தி. வயது நாற்பத்தைந்து. அவளைவிட நாலைந்து வயது இளையது அவளுடைய டிராக்டர். மரத்தை வெட்டிக்கொண்டு போனபிறகு மண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும் அடிக்கட்டையை வேரோடு பிடுங்கிப் போடுவது அவள் தொழில். இருபது வருஷத்தில் அவளிடம் வரமாட்டேன் என்று சொன்ன தூர் ஒன்றுகூட இல்லை. அவள் வேலை செய்த இடத்தில் ஒருவருக்கு நகக்கண்ணில்கூட அடிபட்டதில்லை.

ஒரே ஒரு வினோதப் பழக்கம் உண்டு. சங்கிலியைக் கட்டி, எல்லாம் தயாரான பிறகு, இழுக்கப் போகும் நேரத்தில் வண்டியை விட்டு இறங்கிவிடுவாள். தூரை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். மறுபக்கம் போனதும் கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகு வந்து ஏறி இழுப்பாள்.

மரத்திடம் மன்னிப்புக் கேட்கிறாள் என்றார்கள் சிலர். மரத்தில் குடியிருந்த முனிக்கு வீட்டைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கிறாள் என்றார் டீக்கடை தங்கப்பழம். ஒரு முனி மட்டும், ஆடி மாதம் புதுவீடு பார்க்கக் கூடாது, ஆவணி வரை பொறுத்துக்கொள் என்று அவளிடம் கெஞ்சியதைத் தன் காதாலேயே கேட்டதாகவும் சொன்னார்.

மாடத்தியிடம் கேட்டால் சொல்ல மாட்டாள்.

கோடை விடுமுறை முடிய இன்னும் பத்து நாள் இருக்கும்போது, ஒரு காலையில், செண்பகராமன் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். வயது அறுபத்தாறு. வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. கழுத்தில் விசில். பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியாராக இருந்தவர். அவர் ஓய்வுபெற்று எட்டு வருஷம் ஆகிறது. விசில் இன்னும் ஓய்வுபெறவில்லை.

"ஏ மாடத்தி."

மாடத்தி வண்டிக்கு அடியில் படுத்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலைக் கேட்டதும் சட்டென்று எழுந்து நிற்கப் பார்த்தாள். தலை வண்டியில் இடித்தது.

"வாங்க சார்" என்றாள் தலையைத் தடவிக்கொண்டே.

"என்னைய ஞாபகம் இருக்கா?"

"ஒன்பதாங்கிளாஸ்ல கயிறு இழுக்குற டீம்ல இருந்து வெளிய போட்டிய. உன்னால ஒரு முருங்கைக் கொப்பைக்கூட இழுக்க முடியாதுன்னு சொன்னிய."

செண்பகராமன் முற்றத்தைப் பார்த்தார். போன வாரம் பிடுங்கிய வேப்பந்தூர் ஒன்று, குட்டி யானை படுத்திருப்பதுபோல அங்கே கிடந்தது.

"சொன்னேன்" என்றார். "நீ பாதிப் போட்டியில கயித்தை விட்டுட்டே. நம்ம டீம் அத்தனையும் குப்புற விழுந்துச்சு. சுழற்கோப்பை போச்சு."

"ஆமா சார். என்ன இம்புட்டுத் தூரம்?"

விஷயத்தைச் சொன்னார். பள்ளிக்கூடத்தை ஒட்டி அவருக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருந்தது. அதில் நின்ற ஏழு புளியமரங்களை விற்றாயிற்று. வெட்டியவர்கள் இடுப்பளவுக்குத் தூரை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு மைதானம் கிடையாது. பிள்ளைகள் தார்ரோட்டில்தான் ஓடுகிறார்கள். போன மாதம் ஒரு லாரி, ஓடிக்கொண்டிருந்த பிள்ளையின் ரிப்பனைக் கொத்திக்கொண்டு போய்விட்டது. ரிப்பன் அடுத்த ஊர் செக்போஸ்டில் கிடைத்தது. பிள்ளை மயிரிழையில் தப்பினாள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அந்த நிலம் மைதானமாக வேண்டும்.

"நான் வந்து இழுத்துத் தாரேன் சார். அஞ்சாறு நாள் வேலை."

"நீ இழுக்க வேண்டாம். நான் இழுக்கணும். நீ சொல்லிக் கொடு. எங்கப்பா வச்சிருந்த டிராக்டரை ஓட்டியிருக்கேன்."

"ஏன் சார் நீங்க இழுக்கணும்?"

செண்பகராமன் விசிலைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"முப்பத்தாறு வருஷம் ஊதியிருக்கேன். நான் ஊதுவேன், பிள்ளைக இழுக்கும். ஒரு நாள்கூட நான் கயித்தைத் தொட்டதில்லை."

மாடத்தி கையை நீட்டினாள்.

"விசிலைக் கழத்துங்க சார்."

விசில் டூல் பெட்டிக்குள் விழுந்தது. நங் என்று ஒரு சத்தம். கழுத்து வெறுமையாக இருந்ததால் செண்பகராமனுக்குச் சட்டை போடாமல் நிற்பதுபோல இருந்தது.

முதல் தூரின் முன்னால் நின்று அவர் கேட்டார்.

"எங்கேயிருந்து இழுக்க ஆரம்பிக்கணும்?"

மாடத்தி மண்வெட்டியைக் கொடுத்தாள்.

முந்தின நாள் சாயங்காலமே தண்ணீர் விட்டு ஊறப்போட்டிருந்தாள், மண் இளகியிருந்தது. இருந்தும் தூரைச் சுற்றி முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி முடிக்க உச்சி வெயில் ஆகிவிட்டது. செண்பகராமனின் ஷூ சிவப்பாகிவிட்டது.

"இழுப்போமா?"

"எத்தனை வேர் சார்?"

"எண்ணலையே."

"எண்ணுங்க."

எண்ணினார். ஒன்பது.

"அந்தப் பக்கம் ஒன்பது பேர் நிக்காங்க" என்றாள் மாடத்தி. "எழுபது வருஷமா ஒருநாள் லீவு போடாம கீழ இழுத்துக்கிட்டு இருக்காங்க. நம்ம பக்கம் ஒரு கிழட்டு வண்டி. நீங்க காலைல நாலு இட்லி தின்னுட்டு வந்திருக்கிய."

"அப்ப என்ன செய்ய?"

"ஒவ்வொருத்தரா வீட்டுக்கு அனுப்புங்க."

கோடாலியைக் கொடுத்தாள்.

ஒன்பது பேரில் எட்டுப் பேரை அனுப்புவதற்குள் அவர் கையில் ஆறு கொப்புளம் வந்தது. மாடத்தி ஒன்பதாவதை மட்டும் விட்டுவைக்கச் சொன்னாள். வண்டியில் ஏறி, முதல் கியரில், ஆமை நகர்வதுபோல நகர்த்தினாள். சங்கிலி தரையிலிருந்து எழுந்தது, இறுகியது, நின்றது. வண்டியும் நின்றதுபோலத்தான் தெரிந்தது. ஆனால் தூர் சாய்ந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லாமல் சாய்ந்து, ஒன்பதாவது வேரின் மேல் படுத்தது.

செண்பகராமனுக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒரு உறுமல், ஒரு புழுதி, ஒரு கைதட்டல் எதுவும் இல்லை.

இரண்டாவது தூரில் அவருக்கு அடுத்த சந்தேகம் வந்தது. வேலியோரத்தில் தள்ளுவண்டியை நிறுத்தி டீ விற்றுக்கொண்டிருந்த தங்கப்பழம்தான் அதைக் கிளப்பிவிட்டார்.

"சங்கிலியை வண்டியில உசரத்துல கட்டணும் சார்வாள். அப்பத்தான் தூரை அப்படியே அலாக்காத் தூக்கும். இவ என்னமோ தரையோட தரையாக் கட்டுதா."

பார்க்க நியாயமாகத்தான் இருந்தது. மாடத்தி தூரில் எவ்வளவு மேலே முடியுமோ அவ்வளவு மேலே சங்கிலியைச் சுற்றினாள். வண்டியிலோ எல்லாவற்றுக்கும் கீழே இருந்த அடிக்கொக்கியில் மாட்டினாள்.

"ஏன் வண்டியில மேல கட்டக் கூடாது?" என்றார் செண்பகராமன்.

"குந்தி உக்காருங்க சார்."

உட்கார்ந்தார். மாடத்தி அவருடைய துண்டை முறுக்கி, அக்குளுக்குக் கீழே மார்பைச் சுற்றிக் கட்டி, முதுகுப்பக்கம் ஒரு கயிற்றை முடிந்து, மறுநுனியைத் தூரில் கட்டினாள்.

"இப்ப வாத்து நடை நடங்க."

தாமதமாக வந்த பிள்ளைகள், சீருடை மறந்த பிள்ளைகள் என்று எத்தனையோ பேரை அவர் நடக்க வைத்த நடை. இப்போது தானே நடந்தார். நாலாவது அடியில் கயிறு இறுகியது. விடக்கூடாது என்று காலை ஊன்றி உந்தினார். அடுத்த கணம் ஷூ இரண்டும் வானத்தைப் பார்த்தன. முதுகு மண்ணில் இருந்தது.

தங்கப்பழம் டீ கிளாஸோடு வந்து குனிந்து பார்த்தார். "சவாசனமா சார்வாள்?"

"விழுறதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு சார்?" என்றாள் மாடத்தி.

"நேரமா? விழுந்தப்புறம்தான் விழுந்ததே தெரிஞ்சுது."

"வண்டி இதைவிட வேகமா மல்லாக்க வரும். அப்ப கிளட்ச்சை மிதிக்கணும்னு நினைப்பு வரும். காலு எங்க இருக்கும்?"

செண்பகராமன் படுத்தபடியே தன் கால்களைப் பார்த்தார்.

கயிற்றை இடுப்புக்குக் கீழே இறக்கிக் கட்டி, மறுபடி நடக்கச் சொன்னாள். இந்தத் தடவை முக்கினார், முனகினார், ஓரடி நகர முடியவில்லை. ஆனால் விழவும் இல்லை.

எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு அவரே போய் அடிக்கொக்கியை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

மூன்றாவது தூருக்கு அவரையே ஓட்டச் சொன்னாள் மாடத்தி. அன்றைக்குப் புதிதாக ஒன்று செய்தாள். சங்கிலியைக் கொக்கியில் நேராக மாட்டவில்லை. கொக்கிக்கும் சங்கிலிக்கும் நடுவே, தென்னை நார்க்கயிற்றில் ஒரு வளையம் முடிந்து மாட்டினாள். பெருவிரல் தடிமன்கூட இல்லை.

"இது எதுக்கு?"

"இது உங்களுக்கு."

"நீ ஓட்டுனப்போ போடலையே."

"வேரைச் சரியா அறுத்த தூருக்கு இந்தக் கயிறே போதும் சார். கயிறு அறுந்தா வேர் பாக்கி இருக்குன்னு அர்த்தம்."

சங்கிலியின் நடுவில் ஒரு சாக்கை நனைத்துப் போட்டாள்.

"சங்கிலிக்குக் குளிருதா?" என்றார் தங்கப்பழம்.

"அத்துக்கிட்டா பாம்பாட்டம் துள்ளும்ணே. சாக்கு கிடந்தா அங்கனயே படுத்துக்கிடும்."

யாரும் பக்கத்தில் வராமல் இருக்க ஒரு எல்லை வேண்டும் என்றாள். செண்பகராமனுக்கு முகம் மலர்ந்தது. அவருக்குத் தெரிந்த ஒரு வேலை வந்துவிட்டது. சங்கிலி நீளத்தைப் போல இரண்டு மடங்கு எடுத்து, சுண்ணாம்புப் பொடியால் சுற்றிலும் ஒரு வட்டம் போட்டார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் கோட்டுக்கு வெளியே ஓட்டப்பந்தயத்துக்கு நிற்பதுபோல நின்றார்கள்.

"ஒரே ஒரு சட்டம் சார்" என்றாள் மாடத்தி. "பேட்டரி சரியில்லை, அதனால இஞ்சினை அணைக்க முடியாது. ஓடிக்கிட்டே இருக்கட்டும். நான் தூரைச் சுத்திட்டு வந்து, உங்க முன்னால நின்னு தலையை ஆட்டுவேன். அதுவரைக்கும் கியர் போடக் கூடாது."

அப்போதுதான் செண்பகராமன் கேட்டார். ஊரே கேட்டுப் பதில் கிடைக்காத கேள்வி.

"அந்தப் பக்கம் என்ன பாக்கே?"

"போய்ப் பாருங்க."

இறங்கிப் போய்ப் பார்த்தார். தோண்டிப் போட்ட மண் இருந்தது. வேர் இருந்தது. எறும்புகள் வரிசையாக முட்டையைத் தூக்கிக்கொண்டு குடிமாறிக்கொண்டிருந்தன.

"ஒண்ணுமில்லையே" என்றார் திரும்பி வந்து.

"நல்லதுதான் சார்."

மூன்றாவது தூர் நார்க்கயிற்றுக்கே வந்தது. நாலாவதும் வந்தது. ஐந்தாவதில் கயிறு அறுந்தது. தேடிப் பார்த்தால் அடியில் ஒரு வேர் ஒளிந்திருந்தது. அதை அறுத்துப் புது வளையம் போட்டதும் வந்துவிட்டது. ஆறாவது தூர், வண்டியைக் கிளப்புவதற்கு முன்னாலேயே பயந்து தானாக எழுந்து வேலியோரம் போய் உட்கார்ந்துகொண்டது என்று தங்கப்பழம் இன்றைக்கும் சொல்கிறார். அது கொஞ்சம் மிகை. கிளப்பியபிறகுதான் போனது.

ஒவ்வொரு தடவையும் மாடத்தி சுற்றி வந்தாள். ஒவ்வொரு தடவையும் செண்பகராமன் இருக்கையில் உட்கார்ந்தபடி அவள் முகத்தையே பார்த்தார். அவள் உதடு அசையவில்லை. மந்திரம் இல்லை. கும்பிடவும் இல்லை. அவள் கண் மட்டும்தான் எதையோ தேடியது. எதை என்று நாலு நாள் யோசித்தும் அவருக்குப் பிடிபடவில்லை.

சனிக்கிழமை. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. பாக்கி ஒரே ஒரு தூர்.

ஏழாவது தூர் நிலத்துக்கு நட்டநடுவில் இருந்தது. மற்ற ஆறுக்கும் தாய் அது. அதன்மேல் ஒரு கல்யாணப் பந்தி வைக்கலாம் என்று சொன்னால் பொய். மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டும் உட்காரலாம். வியாழக்கிழமையே தோண்ட ஆரம்பித்து, பதினாலு வேர் எண்ணி, பதிமூன்றை அறுத்திருந்தார் செண்பகராமன். மறுபக்கத்துக் குழி மார்பளவு ஆழம். ஊரில் பாதி சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நின்றது.

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. செண்பகராமன் இருக்கையில் இருந்தார். கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். மாடத்தி தூரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனாள். தூர் அவளை மறைத்தது.

வரவில்லை.

வழக்கமாக ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் நிற்பாள். அது தாண்டிவிட்டது. வெயில் ஏறியது. கூட்டத்தில் ஒருவர், "முனி மசியல போலிருக்கு" என்றார். சிரிப்பு எழுந்தது.

"சார்வாள், பதினோரு மணிக்குள்ள ஆகட்டும். பால் திரிஞ்சிரும்" என்றார் தங்கப்பழம்.

இன்னொரு சிரிப்பு. செண்பகராமனின் கை தானாகக் கழுத்துக்குப் போய், விசில் இல்லாமல் திரும்பி வந்தது.

தங்கப்பழம் அதைப் பார்த்தார். அவருக்கு ஒரு குறும்பு தோன்றியது. இரண்டு விரலை வாய்க்குள் விட்டு, நீளமாக ஒரு விசில் அடித்தார். போட்டி விசில். முப்பத்தாறு வருஷமாக அந்த ஊர் கேட்டுப் பழகிய அதே விசில்.

செண்பகராமன் எதையும் நினைக்கவில்லை. நினைப்பதற்கு முன்னாலேயே கை கியரைப் போட்டுவிட்டது. கால் கிளட்ச்சை விட்டுவிட்டது.

தொங்கிக்கொண்டிருந்த சங்கிலி ஒரே வெட்டில் விறைத்தது. கிளட்ச்சை வெடுக்கென்று விட்ட வேகத்தில், கீழே கட்டியிருந்தும் வண்டி பின்னங்காலில் உட்கார்ந்தது. முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழுந்தன. எதிரே இருந்த பள்ளிக்கூடக் கட்டடம் கீழே இறங்கிப்போய், அவர் கண்முன் வானம் வந்தது. காலைத் தேடினார். அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

டப் என்று ஒரு சத்தம்.

முன்சக்கரம் தரையில் வந்து விழுந்தது. வண்டி குலுங்கி, நாலடி தள்ளாடி ஓடி, அணைந்து நின்றது. நார்க்கயிறு இரண்டாக அறுந்து கிடந்தது. சங்கிலி ஈரச்சாக்குக்கு அடியில், கிடந்த இடத்திலேயே கிடந்தது.

எவ்வளவு உயரம் எழும்பியது என்பதில் ஊரில் இன்னும் தகராறு உண்டு. ஒரு பனை உயரம் என்பார் தங்கப்பழம். ஒரு சாண்தான்.

தங்கப்பழத்தின் விரல் இரண்டும் இன்னும் வாய்க்குள்ளேயே இருந்தன.

செண்பகராமன் மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

தூரின் மேல் ஒரு கை வந்து பற்றியது. பிறகு இன்னொரு கை, அதில் கோடாலி. பிறகு மாடத்தியின் தலை. முடியெல்லாம் மண். குழிக்குள்ளிருந்து ஏறி வந்தாள். நேராக வண்டிக்கு வந்து, சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டை கொடுத்தாள்.

"அண்ணே, சாருக்கு ஒரு டீ போடுங்க" என்றாள். "சீனி கூடப் போடுங்க."

செண்பகராமனால் இறங்க முடியவில்லை. இருக்கையில் இருந்தபடியே கேட்டார்.

"நீ குழிக்குள்ளயா இருந்தே?"

"ஆமா சார். அடியில இன்னொரு வேர் இருந்துச்சு. அறுத்துக்கிட்டிருந்தேன்."

"தூர் புரண்டிருந்தா?"

"கயிறு அத்துக்கிட்டுல்லா."

மாடத்தி தானும் ஒரு டீயைக் குடித்துவிட்டு, அன்றைக்கு வேலை முடிந்தது என்று வண்டியைத் தள்ளிக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். கூட்டமும் கலைந்தது. தங்கப்பழம் கிளாஸ்களைச் சத்தம் வராமல் கழுவினார்.

செண்பகராமன் மட்டும் இருந்தார். வெகுநேரம் கழித்து எழுந்து, தூரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார். குழிக்குள் இறங்கினார். தொடை தடிமனில் ஒரு வேர், நேரே கீழ்நோக்கி இறங்கியிருந்தது. பாதி வெட்டியிருந்தது. அதன் பக்கத்தில், ஈரமண்ணில், வெறுங்காலின் தடம் இரண்டு பதிந்திருந்தது. ஒன்று வேருக்கு இந்தப் பக்கம். மற்றது தூருக்கு அடியில்.

ஷூவைக் கழற்றி மேலே வைத்தார். அந்தத் தடத்தை மிதிக்காமல் அதன் அருகே தன் காலை வைத்து நின்றார். அங்கிருந்து பார்த்தால் வண்டி நிற்கும் இடம் தெரியவில்லை. தூர் மறைத்தது.

மாடத்தி மேலே விட்டுப்போன கோடாலியை எடுத்துக்கொண்டார். பொழுது சாய்கிறவரை வெட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம் இல்லை. தங்கப்பழம் வந்திருந்தார், ஆனால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

மாடத்தி புதிதாக நார்க்கயிற்று வளையம் முடிந்தாள். சாக்கை நனைத்துப் போட்டாள். பிறகு சுற்றப் புறப்பட்டாள்.

"நீ இரு" என்றார் செண்பகராமன்.

வெறுங்காலோடு நடந்தார். தூரைச் சுற்றி மறுபக்கம் போனார். குழிக்குள் பார்த்தார். வேலி வரைக்கும் பார்த்தார். எறும்பு வரிசை எங்கே போய் முடிகிறது என்றுகூடப் பார்த்தார். மாடத்தி நிற்கிற நேரத்தைவிட அவர் நின்ற நேரம் அதிகம். தங்கப்பழத்துக்குப் பால் ஞாபகம் வந்தது, சொல்லவில்லை.

திரும்பி வந்து ஏறினார். மாடத்தி எதிரே நின்று தலையை ஆட்டினாள். அப்படியும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கியரைப் போட்டார்.

சங்கிலி ஒவ்வொரு கண்ணியாகத் தரையை விட்டு எழுந்தது. இறுகியது. நார்க்கயிறு முறுக்கிக்கொண்டு கிறீச்சென்றது. அறவில்லை. எருமை குளத்திலிருந்து எழுந்திருக்க மனசில்லாமல் எழுந்திருப்பதுபோல, ஏழாவது தூர் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து, புரண்டு, வேரை வானத்துக்குக் காட்டிப் படுத்தது.

சத்தமே இல்லை. ஒரு கைதட்டல்கூட இல்லை. செண்பகராமனுக்கு அது தேவைப்படவும் இல்லை.

மாடத்தி சங்கிலியைச் சுருட்டினாள். டூல் பெட்டியைத் திறந்து விசிலை எடுத்து, சேலை முந்தியில் துடைத்து நீட்டினாள்.

"நாளைக்குப் பிள்ளைக வரும்லா சார். வச்சுக்கோங்க."

வாங்கிக்கொண்டார். கழுத்தில் போடவில்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மாடத்தி."

"சொல்லுங்க சார்."

"அன்னைக்குப் போட்டியில நீ ஏன் கயித்தை விட்டே?"

மாடத்தி நார்க்கயிற்று வளையத்தின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"எதிர்ப்பக்கம் கடைசியா ஒரு பிள்ளை நின்னுச்சு. பேரு தெரியாது. பச்சைப் பாவாடை. கயித்தைக் கையில நாலு சுத்துச் சுத்தியிருந்தா. விரலெல்லாம் நீலமாயிட்டு வந்துச்சு சார்."

செண்பகராமன் விசிலை மூடிப் பிடித்துக்கொண்டார். அந்த நாளை, அந்த வெயிலை, எதிரே நின்ற எட்டுப் பேரை நினைவில் தேடினார். ஒரு முகம்கூட வரவில்லை. கோப்பை மட்டும் வந்தது.

"அப்பவே ஏன் என்கிட்ட சொல்லலை?"

முடிச்சு அவிழ்ந்தது. மாடத்தி கயிற்றை உதறிச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தாள்.

"சொன்னேன் சார். நீங்க ஊதிக்கிட்டிருந்திய."